பினாங்கில் ஐந்து மரகதங்கள் விற்றது

ரப்பர் விலை தரைமட்டத்துக்குப் போன வருஷம் ஐப்பசியில், ஈப்போவிலிருந்து பினாங்குக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கை சிவகாமியின் கணவருக்கு நெஞ்சு நோய். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி வேலையும் போயிருந்தது. இருவரையும் நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். கடலில் ஒரு வாரம். இந்த உடம்பை மேல்தளத்தில் மழையில் போட்டால் தாங்காது, கேபின் எடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேபினுக்கு வழி, அவள் அட்டிகையிலிருந்து கழற்றிய ஐந்து மரகதங்கள்தாம். தங்கம் முன்பே விலைபோய்விட்டது.

காலை ஏழரை ரயில். ரயில் பாதை முடியும் பிறை ஊருக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அங்கிருந்து ஃபெர்ரியில் அரைமணி நேரத்துக்குள் அக்கரை. மாப்பிள்ளை இருமத் தொடங்கியதும் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்வானேன், எனக்கே பயமாகத்தான் இருந்தது. சூலியா தெருவில் மாடி அறை, நாளுக்கு எண்பது காசு. நோயாளியோடு போகிறவர்கள் கீழறையே கேளுங்கள். அந்தப் படிகளில் அவர் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று சாயங்காலமே கீழக்கரை மரைக்காயர் ஒருவரின் கல் கடைக்குப் போனேன். அவர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

“விளக்கு வெளிச்சத்துல எந்தப் பச்சையும் அழகாத்தான் தெரியும் அண்ணே. காலையில வாங்க.”

காலையில் கடை வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதைக்கே பலகையைக் கொண்டுவந்து, வெள்ளைக் காகிதத்தில் ஐந்தையும் பரப்பினார். முதலில் கண்ணாடியில்லாமல் நிறம் மட்டும் பார்த்தார். ஓரம்வரை ஒரே பச்சையா, நடுவில் வெளுப்பா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் உருப்பெருக்கிக் கண்ணாடி. உள்ளே கொடி மாதிரி ரேகை ஓடினால் பயப்பட வேண்டாமாம். ஒன்றுமே இல்லாமல் சுத்தமாக இருந்தால்தான் கண்ணாடித் துண்டோ என்று சந்தேகப்பட வேண்டுமாம். எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போது அவர் நிமிர்ந்தார்.

“இதைக் கழுவினீங்களா?”

“தங்கச்சி கழுவினா. பூந்திக்கொட்டை போட்டு, சுடுதண்ணியில.”

எங்கள் பக்கத்தில் வைரத்தோட்டை அப்படித்தான் கழுவுவார்கள். விற்கப் போகும் கல் அழுக்காகப் போகக்கூடாது என்று புறப்பட்ட அன்று விடியற்காலையில் அவளும் கொதிக்க வைத்துக் கழுவியிருந்தாள்.

மரைக்காயர் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். “வைரத்துக்குச் சரி. மரகதத்துல வெடிப்பு இல்லாம இருக்காது. அது தெரியாம இருக்க எண்ணெய் ஊட்டி வச்சிருப்பாங்க. கொதிக்கிற தண்ணியும் பூந்திக்கொட்டையும் அத்தனையும் எடுத்துடுச்சு. இங்க பாருங்க, வெள்ளை வெள்ளையா.”

பார்த்தேன். நான்கு கற்களில் நூல் நூலாக வெளுப்பு. திரும்ப எண்ணெய் ஊட்டலாம், இளஞ்சூட்டில் பத்து நாளாவது ஊற வேண்டும், அப்புறமும் உறுதி சொல்ல முடியாது என்றார். கப்பல் மறுநாள். அதைவிட்டால் இன்னும் இரண்டு வாரம்; அதுவரை மாப்பிள்ளை இருப்பாரா என்பதே சந்தேகம். வேறு இரண்டு கடைகளிலும் ஏறி இறங்கினேன். ஒருவர் மரைக்காயர் சொன்னதைவிடக் குறைத்துக் கேட்டார். மற்றவர் கையிலேயே வாங்கவில்லை. கடைசியில் மரைக்காயரிடமே கொடுத்தேன். முந்நூறு வெள்ளி எதிர்பார்த்த இடத்தில் தொண்ணூறு. மேல்தளத்துக்குத்தான் சீட்டு வாங்க முடிந்தது. மீதியில் ஒரு தார்ப்பாயும் இரண்டு கம்பளியும் வாங்கினேன்.

மறுநாள் சம்பான் படகில் கப்பலண்டை போகும்போது சிவகாமி கேட்டாள்: “கல்லுக்குக் கிராக்கி இல்லையாண்ணே?”

“காலம் கெட்டுக் கிடக்கு, ஆத்தா. யாரு கையிலயும் காசு இல்ல.”

“நான் கழுவி வச்சதாலதான் இந்த விலையாவது வந்திருக்கும்.”

“ஆமா” என்றேன்.

நான்காம் நாள் கடலிலேயே மாப்பிள்ளை போய்விட்டார். அவரைக் கடலிலேயே விட்டுவிட்டு, அவள் மட்டும் நாகப்பட்டினத்தில் இறங்கினாள்.

பினாங்குக்கு மரகதம் கொண்டுபோகிறவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று கடையாவது ஏறுங்கள். காலை வெளிச்சத்தில் காட்டுங்கள், வெயிலில் வேண்டாம். கப்பலுக்கு முதல்நாள் விற்கப் போகாதீர்கள். அழுக்கானாலும் மெல்லிய துணியால் துடைப்பதோடு விடுங்கள். சுடுதண்ணீரும் பூந்திக்கொட்டையும் பக்கத்தில் வரக்கூடாது. வீட்டுப் பெண்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

என் தங்கைக்கு மட்டும் யாரும் படித்துக் காட்டிவிடாதீர்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.