தேனீ வராத பூசணி

வெள்ளத்துரை தன் நிலத்தை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். மகள் பொன்செல்வி பூசணி போட்டாள். வரப்புக்கு அந்தப்புறம் அண்ணன் மகாராஜன் மல்லி வைத்தான். இருட்டோடு மொட்டைப் பறித்துச் சங்கரன்கோவில் சந்தைக்கு அனுப்பிவிட்டு, விடிந்ததும் அவன் புழுவுக்கு மருந்தடிப்பான். பூசணிப்பூ விரிந்து தேனீ வருகிற நேரமும் அதுதான். தேனீக்கள் செத்து விழுந்தன. மகரந்தச் சேர்க்கை இல்லாமல் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தது.

“சாயங்காலம் அடியேண்ணே.”

“அடிச்சா, காலையில பறிக்கிற மொட்டுல மருந்து நாறும். பூக்கடைக்காரன் மூஞ்சியில எறிவான். உனக்கு அண்ணன் பெருசா, தேனீ பெருசா ஏட்டி?”

ஆண்பூவைக் கிள்ளி, பெண்பூவில் அவளே தேய்த்துப் பார்த்தாள். ஒத்தை மனுஷி எத்தனை பூவுக்குத்தான் தேனீயாக இருப்பாள்? முக்கால்வாசிக் கொடி காய்க்கவே இல்லை.

அடுத்த வருஷம் பூசணியை விட்டுவிட்டு அவளும் மல்லி வைத்தாள். விடிந்ததும் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு இப்போது அவளும் இறங்குகிறாள்.