மூலைவீட்டுக் கொத்தனார்

முதலில் ஒரு குவளை தண்ணீர். சுவரின் உச்சியிலிருந்து வழியும்படி ஊற்றுகிறார் கொத்தனார். இன்னொரு குவளை. நனைந்த இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். தோளில் கிடக்கும் துண்டை வாளியில் முக்கிப் பிழிந்து மூக்கை மூடிக் கட்டிக்கொள்கிறார். "பொறுத்துக்கம்மா" என்கிறார். வீட்டுக்காரியிடம் இல்லை, சுவரிடம். அதற்குப் பிறகுதான் சுத்தியல்.

தண்ணீர் எதற்கு என்று கேட்டால், "தூசி பறக்கக் கூடாதுல்ல? அது நேரா நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் என்ன சொன்னாலும் காலி பண்ணாது" என்பார். அவர் மனைவி காலமெல்லாம் அவரிடம் சித்தாளாக இருந்தவர். கலவை சுமந்தவர், சிமெண்டு மூட்டைகளை உதறியவர். அந்தத் தூசிதான் இப்போது அம்மாளின் நெஞ்சில் குடியிருக்கிறது. ஒரு பேச்சைப் பேசி முடிப்பதற்குள் நின்று நின்று மூச்சு வாங்குகிறார்.

எங்கள் குடியிருப்பில் பாதிச் சுவர்கள் கொத்தனார் கட்டியவை. அவற்றை அவரே இடித்துக்கொண்டு வருவதால் 'இடிக்கொத்தனார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் கோபிக்க மாட்டார். "கட்டின கைக்கு இடிக்க உரிமை இல்லையா?" என்பதோடு சரி.

இங்கே வண்டி நுழையாது. நோயாளியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகப் பெரிய சாலை வரை தூக்கிப் போவோம். நாற்காலியின் முன்பக்கத்து இடது கால் எப்போதும் கொத்தனாருடையது. பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகளையும் அப்படித்தான் தூக்கிப் போனார். சாலை வந்தது, அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள். அந்தப் பேச்சை யாராவது எடுத்தால், "கலவை காஞ்சிடும்" என்று எழுந்துவிடுவார். கையில் அன்றைக்கு வேலையே இருக்காது.

பத்திரம் இல்லாத இடத்துக்கு மருத்துவர் கிடையாது என்பது பழைய விதி. அதை மாற்றச் சொல்லிச் செருப்புத் தேய நடந்தோம். அலுவலக வாசலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தோம். கல்லில் நார் உரித்து ஒரு புதிய விதி வாங்கினோம்: ஆம்புலன்ஸ் உள்ளே வந்து போக வழி இருந்தால் மருத்துவரும் நர்சும் உண்டு. வழியை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும். பணக்காரத் தெருவில் யாரும் மருத்துவருக்காகத் தன் வீட்டிலிருந்து ஒரு செங்கல்லை உருவிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்களிடம் மட்டும் வீட்டையே கேட்கிறார்கள்.

கொடுத்தோம். திட்டிக்கொண்டேதான் கொடுத்தோம். தையல்காரி மெஷினை அடுப்படிக்கு நகர்த்தினாள். சலூன்காரருக்கு ஒரு நாற்காலி போடும் இடம் போனது. என் வீட்டுக் கதவைத் திறந்தால் நேரே கட்டிலில் இடிக்கிறது. கொத்தனார் முதலில் இடித்தது தன் முன்சுவரை. எங்கள் யாரிடமும் கூலி வாங்கவில்லை. "ஆளாளுக்கு வாசலைக் குடுக்கறீங்க. எங்கிட்ட இருக்கறது ரெண்டு கைதான்" என்றார்.

பெரிய சாலையில் நின்ற ஓர் ஆம்புலன்ஸின் அகலத்துக்கு இரும்புக் கம்பி ஒன்றை வெட்டி வைத்திருந்தார். அதைக் குறுக்கே பிடித்தபடி சந்து முழுக்க நடப்பார். எங்கே உரசுகிறதோ அங்கே ஒரு கரிக்கோடு. இடித்து இடித்து, கடைசியில் ஒரு நாள் கம்பி எங்கேயும் உரசாமல் மறுமுனைக்கு வந்து சேர்ந்தது. அன்று அவர் சிரித்தார். முன்பல் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

போன வாரம் வெள்ளோட்டத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஜம்மென்று நுழைந்தது. பெண்கள் கதவிடுக்கில் நின்று பார்த்தார்கள். சந்து திரும்பும் மூலையில் வண்டி நின்றுவிட்டது. மூக்கு, சந்தை ஒட்டி நிற்கும் ஆலையின் மதிலில் முட்டுகிறது; விலா கொத்தனார் வீட்டில் உரசுகிறது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். "அகலம் சரியாத்தான் இருக்கு பெரியவரே. நீளத்தை யாரு அளந்தது?"

யாரும் அளக்கவில்லை. கம்பி பிடித்த மனிதன் மூலையில் சட்டென்று திரும்பிவிடலாம், வண்டியால் முடியாது. இது தோன்றுவதற்கு எங்களில் ஒருவராவது வண்டி ஓட்டியிருக்க வேண்டும். கொத்தனார் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "கலவை காஞ்சிடும்" என்று போய்விட்டார்.

கூட வந்த அதிகாரி நல்ல மாதிரிதான். "மூலையை எடுத்துக் குடுங்க. ஒரு வாரம் நான் நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல ஆனா டாக்டரைப் பக்கத்துக் குடியிருப்புக்குப் போட்டுடுவாங்க" என்றார். அங்கேயும் நாற்காலியில்தான் தூக்குகிறார்கள். ஒரு மருத்துவருக்காக அவர்களும் நாங்களும் முட்டிக்கொள்ள வேண்டும்.

ஆலை மதிலை யார் தொடுவது? மிச்சம் இருப்பது கொத்தனார் வீட்டு மூலை அறை. அம்மாள் படுத்திருக்கும் அறை. மருத்துவர் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அவரைத்தான். மருத்துவர் வருவதற்கு அந்த அறையை இடிக்க வேண்டும். இடித்தால் தூசி கிளம்பும்.

"முடியற வரைக்கும் எங்க வீட்ல இருங்கக்கா" என்று தையல்காரி கெஞ்சிப் பார்த்தாள். அம்மாள் மசியவில்லை. "இந்தச் சுவருக்கு... கலவை தூக்கினது நான். என்னை அனுப்பிட்டு... இடிப்பாரா?"

இன்று காலை கட்டிலை வெளியே எடுத்தோம். அம்மாள் எதிர்ப்பக்கம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கொத்தனார் ஒரு குவளை ஊற்றினார். துண்டை முக்கிப் பிழிந்தார். தனக்குக் கட்டிக்கொள்ளாமல் மனைவியின் முகத்தில் கட்டி, முடிச்சு காதை அழுத்துகிறதா என்று கேட்டார். திரும்பி வந்து மறுபடி ஊற்றினார். மறுபடியும். சுவர் ஊறி, தண்ணீர் சந்தில் ஓடத் தொடங்கிவிட்டது. வழக்கமான அந்தப் "பொறுத்துக்கம்மா" மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

"போதும்... அடிங்க" என்றார் அம்மாள், துண்டுக்குள்ளிருந்து.

கொத்தனார் சுத்தியலைத் தாண்டிப் போய்க் காலி வாளியை எடுத்தார். இன்னொரு வாளி பிடித்துவரக் குழாயடிக்கு நடந்தார்.