மேரியக்கா சொன்ன பழைய வார்த்தை

இயேசு கற்றுக்கொடுத்த செபத்தின் பழைய தமிழில், தீங்கு செய்தவர்களை நாம் ‘பொறுப்பதாக’ வரும், புதியதில் ‘மன்னிப்பதாக’. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான், எல்லாம் ஒன்றுதான் என்று அடித்துப் பேசியவன் நான்.

2004 கிறிஸ்துமஸ் நேரம். விருத்தாசலத்தில் நானும் பக்கத்துப் பட்டறை மேரியக்காவும் ஒரே சூளையில் குடில் பொம்மைகளை அடுக்கியிருந்தோம். சூடு ஆறுவதற்குள் அவசரப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். காற்றுப் பட்டதும் டிங், டிங்கென்று ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. அக்காவின் பொம்மைகளும் போச்சு.

“மன்னிச்சிடுங்கக்கா.”

“மன்னிக்க மனசு வரலப்பா. பொறுத்துக்கிறேன்,” என்றார், பிளந்த குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தியபடி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னித்திருந்தால் பாரத்தை இறக்கி வைத்திருப்பார். பொறுப்பதென்றால் சுமப்பது.

ஞாயிறு பூசையில் எல்லோரும் புதிய வார்த்தையைச் சொல்ல, அவர் மட்டும் பழையதைச் சொன்னார். எனக்கு இரண்டுமே வாயில் வரவில்லை.