மானிப்பாயில் ஒரு கறுப்புக் கோட்

மானிப்பாய் ஸ்டூடியோ ஒன்றில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். என் பையில் இரண்டு கமராவும் நாலு லென்ஸும் இருக்கின்றன. ஒரு மாதமாக ‘எங்கடை சனம்’ என்று சந்தையையும் சைக்கிள்களையும் படம் எடுத்துத் திரிகிறேன். விண்ணப்பத்துக்கு என் முகம் வேண்டுமென்றால் மட்டும் இன்னொருவரிடம் வரவேண்டியிருக்கிறது.

ஸ்டூடியோக்காரர் கேட்காமலே ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டை எனக்கு மாட்டிவிடுகிறார். யாரோ பூசிய பவுடர் மணக்கிறது.

“இந்த ஊர்ச் சனம் முக்கால்வாசி உந்தக் கோட்டோடைதான் வெளிநாடு போனது, அண்ணை.”

அவருடைய கமரா நான் எப்போதோ விற்றுத் தள்ளிய ரகம். பிடி கழன்று, கறுப்பு நாடா சுற்றியிருக்கிறது. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்ல வாய்வரை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

சுவரில் நாடுகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் படத்தின் அளவோடு.

“எந்த நாட்டுக்கு?”

“இலங்கைக்கு.”

“அடையாள அட்டைக்கோ?”

“இல்லை. ஆறு வயசிலை கனடாவுக்குப் போனனான். இப்ப இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கிறன்.”

பட்டியலில் விரல் வைத்துத் தேடுகிறார். அது இல்லை. நல்லூரில் இருக்கும் இன்னொரு ஸ்டூடியோவுக்குப் போன் எடுக்கிறார்.

“இஞ்சை ஒரு கனடாக்காரர் வந்திருக்கிறார். இலங்கைக்காரர் ஆகவேணுமாம். என்ன அளவு?”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தெருவின் மறுபக்கம், நான் பிறந்த ஆஸ்பத்திரியின் மதில் தெரிகிறது. அதைச் சொல்லலாமா? சொல்லி என்ன ஆகப்போகிறது? குழம்பிப்போய் வேறு ஏதோ கேட்கிறேன்.

“கோட்டைக் கழட்டவோ?”

அவர் போனைக் கையால் பொத்துகிறார்.

“பொறுங்கோ அண்ணை. கோட் விசயத்தையும் கேட்டுச் சொல்லுறன்.”