அமெரிக்கர் மாற்றிய முடிவு

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற எங்கள் நகர்ப்பகுதியில் நான் உடுப்புத் துவைக்கப் போகும் கடையில், ஞாயிறு மதியங்களில் தமிழ் அன்ரி ஒருவரைக் காண்பேன். நரைத்த கொண்டை, சாம்பல் நிறக் கோட்டு. தன் உடுப்புகள் காய்ந்த பிறகும் தொலைக்காட்சியின் முன்னால் கனவில் இருப்பவர்போல் உட்கார்ந்திருப்பார். லண்டனில் அவர் முன்பு பார்த்த தொடரை அமெரிக்கர்கள் மறுபடி எடுத்திருந்தார்கள். கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கும் கதை.

"முடிவு தெரியும்தானே அன்ரி, பிறகேன் பாக்கிறியள்?" என்றேன்.

"லண்டன்காரர் எடுத்ததிலை அவன் வரேல்லை, தம்பி. இவங்கள் மாத்தினாலும் மாத்துவாங்கள்."

தொடரின் கடைசி வாரம் அந்தக் கணவன் திரும்பி வந்தான். மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

"இப்ப சந்தோசமோ அன்ரி?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு வருசமும் எங்கை இருந்தனீங்கள் எண்டு அவள் ஒரு வார்த்தை கேக்கேல்லையே" என்றார்.

அதை அவர் யாரிடம் கேட்கக் காத்திருந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.