நீலம் நிரப்பியது யார்?

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது பட்டப்பகலில், ஆபரேஷன் தியேட்டரில், ஐந்து பேர் இருக்கும்போது நடந்தது. நான் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியன். கதை கட்டிப் பிழைக்கும் தலையெழுத்து எனக்கு இல்லை.

தொண்டையில் லேசர் வைக்கும்போது நோயாளி மூச்சுவிட ஒரு குழாய் செருகுவோம். அது நகராமல் பிடித்துக்கொள்ள, நுனியில் ஒரு குட்டிப் பலூன். முதலில் காற்றடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு அந்தக் காற்றை எடுத்துவிட்டு நீலம் கலந்த தண்ணீர் நிரப்ப வேண்டும். பலூன் லேசர் பட்டுக் கிழிந்தால் நீலம் காட்டிக்கொடுக்கும். காற்றே இருந்தால் ஆக்சிஜன் கசிவது தெரியாது. தொண்டைக்குள் தீப்பிடிக்கும்.

மூன்று வருடம் முன்பு நான் காற்றை மாற்ற மறந்தேன். ஒரு டிரைவர் செத்தார். "நான்தான் நிரப்பினேன்" என்று என்னோடு வேலை பார்த்த அக்கா பழியை ஏற்றுக்கொண்டார். என் மனைவி அப்போது நிறைமாதம். நான் வாயே திறக்கவில்லை, பாவி. வேலை போன அக்கா ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

இது நடந்த அன்று மேசையில் ஒரு டீச்சர். வெளியே அவருடைய மகள் காத்திருந்தாள். மூன்றாவது கேஸ். எல்லாம் அவசரம்.

11.40. லேசர் ஓடுகிறது. என் முதுகுக்குப் பின்னால்...

டக். டக். டக்.

சிரிஞ்சை நகத்தால் மூன்று முறை தட்டும் சத்தம். அக்காவின் பழக்கம். திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. காற்றை மாற்றவில்லை!

கத்த வாய் திறந்தேன். அதற்குள் கை முந்தியது. துணியை விலக்கினேன். உள்பலூனில் இருப்பதைக் காட்ட, குழாயின் வெளிமுனையில் தொங்கும் சின்னப் பலூன்...

நீலம்.

"நீலம் வருது! லேசரை நிறுத்து!" டாக்டர் அலறினார்.

உள்ளே பலூன் கிழிந்திருந்தது. குழாயை மாற்றினோம். டீச்சர் பிழைத்தார்.

எல்லாரையும் கேட்டேன். யாரும் நிரப்பவில்லை. நீல மருந்துப் புட்டியின் சீல்கூட உடையவில்லை.

மாலையில் அக்காவின் கணவரிடம் போய் உண்மையைக் கொட்டி அழுதேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும் தம்பி. கடைசி நாள் சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

"அவன் மறுபடியும் மறப்பான்... நான் போய்ப் பாத்துக்கறேன்னு."