மைக் பெரியம்மா வாய் மூடிய காலம்

பெரியம்மாவின் குரல் போனபோது எங்கள் வீட்டில் முதலில் சிரித்தது அம்மாதான்.

"ஆண்டவர் இருக்கார்டி," என்றாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "இத்தனை நாள் எனக்கே சந்தேகமா இருந்துச்சு."

பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான். தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். மிஷின்கள் ஒன்றாக இரையும் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "காலர் கோணல், பிரி! பிரிச்சுத் தை!" என்று கத்துவதுதான் அவள் உத்தியோகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம். அங்கே மைக் அவள் கையில். கம்பெனியில் கத்தியது போதாதென்று அங்கேயும் கத்துவாள். ஆண்டவரின் காதிலும் மிஷின் இரைச்சல் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. சபையில் அவளுக்கு மைக் அக்கா என்று பேர். அது கேலி என்று தெரிந்தும் அவளுக்குப் பிடித்திருந்தது. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. மைக் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொருத்தியும் தன் ஜெபக் குறிப்பைச் சொல்ல வேண்டும். மைக் பிடித்தவள் அதை எடுத்து, பேர் சொல்லி, விவரம் சொல்லி ஜெபிக்க வேண்டும். விவரம் கூடக் கூட ஜெபத்தில் பாரம், அதாவது உருக்கம், கூடுகிறது என்று அர்த்தம். சொல்லாதவர்களின் விவரத்தையும் பெரியம்மா தானாகவே சேர்த்துக்கொள்வாள். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே, "ஆண்டவரே, இன்னொருத்தி வீட்டில் போய்க் கிடக்கிற என் தங்கை புருஷனைத் திருப்பிக் கொண்டு வாரும்!" என்று முழங்கிவிட்டாள். அதுவரை அப்பா வெளியூரில் வேலை பார்ப்பதாகத்தான் அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

கூட்டம் உருகி அழுதது. அம்மா எழுந்து வந்துவிட்டாள். அதன் பிறகு சபைப் பக்கம் போகவில்லை. அக்காவிடம் பேசுவதில்லை, அக்காவைப் பற்றி மட்டும் பேசுவாள், அவளுக்குக் கேட்கும்படி.

இந்த நிலைமையில்தான் தொண்டை போனது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, குரல் நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். மறுபடி பார்க்கும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல். மீறினால் ஆபரேஷன்தான். கூடப் போன என்னிடம், "இவங்களைச் சும்மா இருக்க வைக்க முடியுமா?" என்று கேட்டார். நான் பட்டம் வாங்கியவள், எங்கள் வீட்டில் முதல் ஆள். அது மட்டும் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

கம்பெனி மேனேஜர் அதைவிடச் சுருக்கமாக முடித்தார். "வாயில்லாத சூப்பர்வைசரை வெச்சுகிட்டு நான் என்னம்மா பண்றது? சரியானதும் வாங்க."

வீட்டில் நானும் வேலை தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நல்ல ஜோடி," என்றாள் அம்மா. "ஒருத்திக்கு வாய் சும்மா, ஒருத்திக்குக் கை சும்மா."

பெரியம்மா சும்மா இருக்கவில்லை. தண்ணீர் வேண்டுமானால் டம்ளரைத் தரையில் தட்டினாள். கோபம் வந்தால் தட்டைத் தட்டினாள். கோபம் வந்துகொண்டே இருந்தது. பார்க்க வந்த போதகர், "இது உங்களுக்கு ஓய்வு காலம் சகோதரி. மண்ணுக்குள்ள இருக்கிற விதை சும்மாவா இருக்கு? வளருதில்ல?" என்றார். பெரியம்மா டம்ளரை வைத்த வேகத்தில் அவர் காப்பியை முடிக்காமலே எழுந்தார். எனக்கும் எரிச்சல்தான். வேலை இருக்கிறவர்கள் ஓய்வைப் பற்றி அழகாகப் பேசுகிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். போகாவிட்டால் மைக் கை மாறிவிடும். ஆனால் அது ஏற்கெனவே மாறியிருந்தது. பேக்கரிக்காரரின் மனைவி அதைப் பிடித்திருந்தாள். பெரியம்மாவிடம் பாடம் படித்தவள், பாடத்தை மறக்கவில்லை.

"இயேசப்பா, எங்க அக்காவோட வாயை நீர் ஏன் அடைச்சீரோ, அது உமக்குத்தான் தெரியும். வெளியே தெரியாத பாவம் ஏதாவது இருந்தா மன்னியும். கூடப்பிறந்த தங்கச்சியே முகம் கொடுத்துப் பேசாத வீடு, ஆண்டவரே! கம்பெனியிலயும் வேணாம்னு அனுப்பிட்டாங்க. அந்தப் பெருமையை உடையும்!"

எல்லோரும் ஆமென் என்றார்கள். பெரியம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்து இரக்கத்தோடு அமுக்கினாள்.

வீடு வந்து சேரும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் நேரே குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். நான் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா சிரித்தாள். அப்புறம் குழாயடியைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

வாசற்படியில் போய் நின்று, பல மாதத்துக்குப் பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "கையைப் பிடிச்சு அமுக்கினாளா?"

பெரியம்மா குழாயை மூடவில்லை.

"என் கையையும் ஒருத்தி பிடிச்சா. நானும் இங்கதான் நின்னு கழுவினேன். நீ பின்னாடியே வந்து என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? பெருமையை விடுடின்னு சொன்ன. இப்போ சொல்லேன்? சொல்லு பார்க்கலாம்!"

பெரியம்மாவால் சொல்ல முடியவில்லை. அதுதான் அம்மாவுக்கு வழி திறந்தது.

மறுநாளிலிருந்து வெங்காயம் நறுக்கும்போதும், துணி மடிக்கும்போதும் அம்மா பேசினாள். முன்பெல்லாம் அம்மா வாயைத் திறந்தால், பெரியம்மா இரண்டாவது வார்த்தையிலேயே ஒரு பைபிள் வசனத்தைப் போட்டு மூடிவிடுவாள். இப்போது மூடி இல்லை. அப்பா போன அன்றைக்கு அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்ததை, அது காய்ந்ததும் யாருக்கு இஸ்திரி போடுவது என்று தெரியாமல் நின்றதை, ஊருக்குச் சொன்ன பொய்யை ராத்திரியில் தனக்கே சொல்லிக்கொண்டதை எல்லாம் சொன்னாள். நடுநடுவே திட்டு. "நான் அந்தப் பொய்யைப் போத்திக்கிட்டுத்தான் நடமாடிட்டிருந்தேன். நீ சபை நடுவுல உருவிட்டு, ஸ்தோத்திரம் சொன்ன." எனக்கே தெரியாத விஷயங்கள். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? நான் கேட்டதும் இல்லை.

பெரியம்மா முதலில் தட்டைத் தட்டினாள். பிறகு தட்டுவது குறைந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அடுப்படி ஓரத்தில் உட்கார ஆரம்பித்தாள். விடியற்காலையில் தெருவையே எழுப்பிய அவள் ஜெபமும் நின்றுபோயிருந்தது. அதே நேரத்தில் எழுந்து, பாயில் சம்மணமிட்டு, உதடுகூட அசையாமல் உட்கார்ந்திருப்பாள். எதிர்வீட்டுக்காரர் என்னிடம், "உங்க வீட்டு அலாரம் ரிப்பேரா? தினமும் பஸ்ஸை விடறேன்மா," என்றார்.

ஒருவழியாக டாக்டர், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "இத்தனை நாள் என்ன ஜெபிச்சீங்க பெரியம்மா?"

அவள் குரல் பிரம்புக்கூடையை இழுப்பதுபோல வந்தது. "திட்டினேன்."

"யாரை?"

"அவரைத்தான். உமக்காகக் கத்தித்தானே இப்படி ஆச்சுன்னு. திட்டித் தீர்ந்து போச்சு. சரி, இனிமே அவர் சத்தம் கேக்கும்னு காத்துக்கிட்டிருந்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்கம்மா சத்தம்தான் கேட்டுச்சு."

எரிச்சலோடுதான் சொன்னாள். இதற்குப் பெயர் வளர்ச்சியா, தோல்வியா? அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

போதகரம்மா அன்றைக்கே போன் செய்து, வெள்ளிக்கிழமை மைக் உங்களுக்குத்தான் என்றாள். அது அம்மாவின் காதில் விழுந்தது. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள். "அந்த மைக்கை இவ தொட்டா நானும் என் பொண்ணும் கிளம்பறோம். வீடு பார்த்தாச்சு." நிஜமாகவே பார்த்திருந்தாள், அடுத்த தெருவில் ஒற்றை அறை. துணிகள், பாத்திரங்கள், குக்கர் எல்லாம் பெட்டிக்குள் போயின. பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் புடவை மாற்றியதும் அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள். "கூடப் போ. என் பேர் வருதான்னு கேட்டுட்டு வா."

கூட்டத்தில் கைதட்டி வரவேற்றார்கள். பேக்கரிக்காரம்மா மைக்கைக் கொடுத்தாள், கொடுக்க மனமில்லாத கொடுப்பு. ஜெபக் குறிப்புகள் வந்தன. ஒருத்தியின் மருமகள், ஒருத்தியின் கர்ப்பப்பை, ஒருத்தியின் மகன் குடிப்பது. பெரியம்மா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"ஆண்டவரே," என்றாள். "உமக்குத் தெரியும்."

அவ்வளவுதான். எல்லோரும் விவரத்துக்குக் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. ஒருத்தி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். பேக்கரிக்காரம்மா இருமினாள். "ஆமென்?" என்று எடுத்துக் கொடுத்தாள். பெரியம்மா அசையவில்லை. குடிகாரனின் அம்மா மட்டும், யாரும் தன்னைப் பார்க்காததாலோ என்னவோ, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கடைசியில் பேக்கரிக்காரம்மா மைக்கைப் பிடுங்கினாள். "அக்காவுக்கு இன்னும் சரியாகல. நாம தொடருவோம்." யாரோ சிரித்தார்கள். அடுத்த வாரம் அந்த மைக் திரும்ப வராது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரியம்மா நடந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மைக்கைத் தானாகவே கொடுக்கவில்லை என்பதை நான் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். "தொட்டாளா?"

"தொட்டாங்க."

"என் பேரைச் சொன்னாளா?"

"இல்லம்மா. யார் பேரையும் சொல்லல. உமக்குத் தெரியும்னாங்க. அப்புறம் சும்மா நின்னாங்க."

"இவளா? சும்மாவா?" அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "இது புது நடிப்பு."

பெரியம்மா ஸ்டூலை இழுத்து அடுப்படி ஓரத்தில் போட்டு உட்கார்ந்தாள். "திட்டு," என்றாள் அந்தக் கரகரப்பில். "கேக்கறேன்."

"நீ சொல்லி நான் திட்டணுமா?"

அம்மா எழுந்தாள். பெட்டியைத் திறந்தாள். துணிகளைத் தொடவில்லை, குக்கரை மட்டும் வெளியே எடுத்தாள். அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றினாள். ஏற்றிய பிறகு திட்ட ஆரம்பித்தாள்.